வராத கப்பலின் வாடகை: இந்தியப் பெட்ரோல் விலை பற்றி ஒரு குறிப்பு

102.63. சென்னையில் பைக் வைத்திருக்கும் யாருக்கும் இந்த எண் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. 2022 மே 22 அன்று ஒரு லிட்டர் பெட்ரோல் இந்த விலைக்கு வந்தது. 2024 மார்ச் நடுவில் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும்வரை அப்படியே நின்றது. ஏறக்குறைய 660 நாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தினமும் மாறும் எண் எங்காவது கிடைத்தால் அதைச் சேமித்துவைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுவேன். வேலையில் செய்வதைத்தான் வீட்டிலும் செய்கிறேன் என்று மனைவி சொல்வார். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்க பெட்ரோல், டீசல் விலை தினமும் காலை ஆறு மணிக்கு மாறும் என்று அறிவித்தபோது இதற்கும் ஒன்று எழுதிவைத்தேன். 2022-ல் அது ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுத ஆரம்பித்தது. ஸ்கிரிப்ட் செத்துப்போச்சு, பழைய மதிப்பையே எடுத்துப் போடுது என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிழை தேடினேன். கோடில் பிழை எதுவும் இல்லை.

அந்த 660 நாளில் கச்சா எண்ணெய் சும்மா இருந்ததா? இந்தியா வாங்கும் கலவையின் சராசரி விலை 2022 ஜூனில் பீப்பாய்க்கு 116 டாலர். 2023 ஜூனில் சுமார் 75 டாலர். அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடி 93-ஐத் தாண்டியது. அன்றன்றைய டாலர் மதிப்பில் பெருக்கி, பீப்பாய்க்கு 159 லிட்டர் என்று வகுத்தால், ஒரு லிட்டர் கச்சா 57 ரூபாயிலிருந்து 39 ரூபாய்க்கு வந்திருக்கிறது. 18 ரூபாய் வித்தியாசம். இதே காலத்தில் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி 19.90-ஐ விட்டு நகரவில்லை. பங்க் போர்டும் நகரவில்லை. அப்போ அந்த 18 ரூபாய் முதலில் யாரிடமிருந்து போனது, பிறகு யாரிடம் வந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தக் குறிப்பு. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதுபவன். ஆனால் இதிலுள்ள கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில், இந்த விலை யாருடையது? சட்டப்படி பதில் சுலபம். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டது, டீசலுக்கு 2014 அக்டோபரில். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று எண்ணெய் நிறுவனங்களும் சந்தையைப் பார்த்து அவையே விலை வைக்கின்றன. பத்திரிகையாளர்கள் கேட்கும்போதெல்லாம் அமைச்சர்கள் தரும் பதிலும் இதுதான்: விலையை நிறுவனங்கள் முடிவு செய்கின்றன, அரசு தலையிடுவதில்லை.

என் கிராஃபில் தட்டையாக இருக்கும் இடங்களைச் சொல்கிறேன். 2018 ஏப்ரல் 24-லிருந்து மே 13 வரை விலை அசையவில்லை. கர்நாடக வாக்குப்பதிவு மே 12. மே 14 காலை ஏற ஆரம்பித்தது. 2021 பிப்ரவரி கடைசியிலிருந்து மே 3 வரை ஒரு தடவைகூட ஏறவில்லை, நடுவில் சில காசுகள் இறங்கியதோடு சரி. நம்ம ஊர் உட்பட ஐந்து சட்டமன்றத் தேர்தல்களின் முடிவு மே 2. மே 4 முதல் ஏற்றம். 2021 தீபாவளியிலிருந்து 2022 மார்ச் 21 வரை 137 நாள் அசைவில்லை. உத்தரப் பிரதேச முடிவு மார்ச் 10. அதன்பின் பதினாறு நாளில் 14 தடவையாக பத்து ரூபாய். கடைசியாக அந்த இரண்டு ரூபாய் குறைப்பு 2024 மார்ச் 14 அன்று அறிவிக்கப்பட்டது. மக்களவைத் தேர்தல் தேதிகள் வந்தது மார்ச் 16.

இதெல்லாம் தற்செயல் என்று வாதாட யாரும் மெனக்கெடுவதில்லை. எனக்கும் இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. மூன்றும் பொதுத்துறை நிறுவனங்கள். (2018-ல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் 51 சதவீதப் பங்கை அரசு ஓ.என்.ஜி.சி.யிடம் 36,915 கோடிக்கு விற்றது. ஓ.என்.ஜி.சி.யும் அரசுடையதுதான்.) முதலாளி சொன்னால் மேனேஜர் கேட்பார். அரசு விலையை நிறுத்திவைக்கக் கூடாது என்றும் நான் சொல்லவரவில்லை; 2022 கோடையில் உலகமே தவித்தபோது இங்கே விலை நின்றது பலருக்கு உதவியாகத்தான் இருந்தது. என் குறை வேறு. இந்த விலையில் நாம் 'அடக்க விலை' என்று நம்பும் பகுதி இருக்கிறதே, அது யாருடைய அடக்கமும் இல்லை.

இதற்கு 'அண்டர் ரெகவரி' என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2005-லிருந்து 2014 வரை செய்தித்தாள் படித்தவர்களுக்குப் பழகிய சொல். 2012-13-ல் எண்ணெய் நிறுவனங்களுக்கு 1.61 லட்சம் கோடி அண்டர் ரெகவரி என்று வரும். தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'இழப்பு' என்றே எழுதின. ஆனால் அதே ஆண்டுக் கணக்கில் அதே நிறுவனங்கள் லாபம் காட்டின! இவ்வளவு இழந்தவன் எப்படி லாபம் காட்டுவான் என்று அப்போது எனக்கு ஒரே குழப்பம். அரசு கொடுத்த ஈட்டுத் தொகை ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த எண்ணே செலவுக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசம் அல்ல. 'வாங்கியிருக்க வேண்டிய விலை'க்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம்.

வாங்கியிருக்க வேண்டிய விலையை எப்படிப் போடுகிறார்கள்? ரங்கராஜன் குழு 2006-ல் சொன்னதன்படி வந்த முறைக்கு வணிக சமவிலை என்று பெயர். அதில் எண்பது பங்கு இறக்குமதி சமவிலை, இருபது பங்கு ஏற்றுமதி சமவிலை. இறக்குமதி சமவிலை என்றால், அரபு வளைகுடாவில் ஒருவர் தயார் பெட்ரோலை, கச்சாவை அல்ல, பெட்ரோலையே வாங்கி, கப்பலில் ஏற்றி, காப்பீடு கட்டி, இந்தியத் துறைமுகத்தில் சுங்கம் செலுத்தி, துறைமுகக் கூலியும் கொடுத்து இறக்கினால் என்ன விலை ஆகுமோ அது.

நிஜத்தில் நடப்பது வேறு. நாம் கச்சாவை இறக்குமதி செய்து மணலியிலும் கொச்சியிலும் மும்பையிலும் பானிப்பட்டிலும் சுத்திகரிக்கிறோம். தயார் பெட்ரோலையும் டீசலையும் பெரிய அளவில் ஏற்றுமதி செய்யும் நாடு இது. ஆண்டுக்கு ஆறு கோடி டன் அளவுக்குப் பெட்ரோலியப் பொருட்கள் வெளியே போகின்றன. அப்படிப்பட்ட நாட்டில், வராத கப்பலுக்கு வாடகையும் கட்டாத சுங்கத்துக்கு ரசீதும் போட்டுத்தான் விலையின் அடித்தளம் தொடங்குகிறது.

இதைப் படித்த அன்று 'கண்டுபிடிச்சுட்டேன், இதுதான் கொள்ளை' என்று துள்ளினேன். ஒரு நண்பருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் நீளமாக எழுதினேன். அவர் இரண்டே சொல்லில் பதில் போட்டார்: "எவ்வளவு வருது?"

கணக்குப் போட்டேன். 2006 நிலவரத்தில் தோராயமாக கச்சா 70 டாலர், டீசல் 80 டாலர், டாலர் 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தயார் பொருளுக்குச் சுங்கம் 7.5 சதவீதம், அதாவது பீப்பாய்க்கு ஆறு டாலர். எண்பது பங்குக்கு 4.80. ஆனால் கச்சாவுக்கு 5 சதவீதம் நிஜமாகவே கட்டினார்கள், அது 3.50. மிச்சம் 1.30 டாலர். லிட்டருக்கு 37 காசு. அவ்வளவுதான். 2011-ல் கச்சாவுக்குச் சுங்கம் பூஜ்யமாகவும் பொருளுக்கு 2.5 சதவீதமாகவும் ஆனது. அப்போதும் எண் இந்த வட்டத்திலேயே ஒன்றரை, இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். கப்பல் வாடகையை எடுத்தால், கச்சாவைக் கொண்டுவரவும் கப்பல் வேண்டும், அதற்கும் நிஜ வாடகை உண்டு. ஆக, வராத கப்பலால் லிட்டருக்குப் பத்து ரூபாய் கொள்ளை என்று இணையத்தில் சுற்றும் பேச்சு தவறு. அன்றிரவு நான் எழுதியதும் தவறு. 2008 ஜூலையில் கச்சா 147 டாலரைத் தொட்டபோது நிறுவனங்களுக்கு உண்மையிலேயே கை கடித்தது.

ஆனாலும் விஷயத்தை விட்டுவிட மனசு வரவில்லை. காரணம், 1960-ல் நடந்த ஒரு கதை.

சுதந்திரத்துக்குப் பின் இந்திய எண்ணெய்ச் சந்தையை வைத்திருந்தவை மூன்று அந்நிய நிறுவனங்கள்: பர்மா ஷெல், ஸ்டான்வாக் (பிறகு எஸ்ஸோ), கால்டெக்ஸ். அம்பாசமுத்திரத்தில் என் தாத்தா கடைசிவரை மண்ணெண்ணெய் டின்னை 'பர்மா ஷெல் டின்' என்றுதான் சொல்வார், அதில் வந்தது எந்தக் கம்பெனி எண்ணெயாக இருந்தாலும். 1951 முதல் 53 வரை இந்த மூன்றும் அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மும்பையில் இரண்டும் விசாகப்பட்டினத்தில் ஒன்றுமாக ஆலை கட்டின. 25 ஆண்டுகளுக்கு நாட்டுடைமை ஆக்கமாட்டோம் என்று அரசு உறுதி தந்தது. கச்சாவை எங்கிருந்து வாங்குவது என்பது கம்பெனிகள் கையில். விலை? இறக்குமதி சமவிலை. ஆலை மும்பையில்தான் இருக்கிறது, ஆனாலும் பெட்ரோல் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்ததாகவே கணக்கு.

அவர்களுக்கு இது ஏன் வசதி? கச்சாவை அவர்கள் தங்கள் தாய்க் கம்பெனியிடமே வாங்கினார்கள். என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று நாம் கேட்கவே முடியாது. விலைச் சூத்திரத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. சூத்திரம் வளைகுடாவின் பட்டியல் விலையை மட்டும் பார்க்கும்.

1960-ல் சோவியத் ஒன்றியம் கச்சாவை மலிவாகத் தருகிறேன் என்றது. அப்போது எண்ணெய்த் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த கே.டி. மாளவியா மூன்று கம்பெனிகளையும் கூப்பிட்டு, இதை வாங்கிச் சுத்திகரித்துத் தருவீர்களா என்று கேட்டார். முடியாது என்றார்கள், ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதே வேலை செய்தது. தாங்கள் விற்கும் கச்சாவிலும் தள்ளுபடி கொடுக்க முடியும் என்பது திடீரென்று அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. அதே 1960 ஆகஸ்டில், ஒரு வருடம் முன்பு தொடங்கிய அரசின் இந்தியன் ஆயில் கம்பெனிக்காக உஸ்கரோட் என்ற சோவியத் கப்பல் மும்பை பிர் பாவ் துறையில் டீசலை இறக்கியது. இந்தியாவில் ஒரு பொதுத்துறை எண்ணெய் விற்பனை நிறுவனம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. நிஜ அடக்கம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் விளையாட்டில் நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும்.

பிறகு குழுக்கள் வரிசையாக வந்தன. தாம்லே குழு 1961-ல், தாலுக்தார் குழு 1965-ல், சாந்திலால் ஷா குழு 1969-ல். கமிஷனையும் தள்ளுபடியையும் வெட்டின, ஒட்டின. ஆனால் எல்லாமே இறக்குமதி சமவிலையைச் சுற்றியே வந்தன. எழுபதுகளில் எஸ்ஸோ இந்துஸ்தான் பெட்ரோலியமானது (1974), பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியமானது (1976), கால்டெக்ஸும் நாட்டுடைமையானது. அதன்பிறகுதான், 1977 டிசம்பரில், சூத்திரம் மாறியது. ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு செலவு செய்தது என்று பார்த்து, அதன்மேல் முதலீட்டுக்கு 12 சதவீத வருமானம் சேர்த்துத் தரும் நிர்வாக விலை முறை. அதிலும் ஓட்டை நிறைய. செலவு எவ்வளவு ஆனாலும் திரும்ப வந்துவிடும் என்றால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? நானே சில அரசு மென்பொருள் திட்டங்களில் இந்த 'செலவு கூட்டல் லாபம்' ஒப்பந்தத்தின் லட்சணத்தைப் பார்த்திருக்கிறேன். 2002 ஏப்ரல் 1 அன்று அதை எடுத்தது எனக்குத் தப்பாகப் படவில்லை.

ஆனால் எடுத்துவிட்டு எங்கே போனோம்? மறுபடி வளைகுடாவுக்கே போனோம். பெயர்ப் பலகை, முதலாளி, சீருடை எல்லாம் மாறின. சூத்திரம் மட்டும் பர்மா ஷெல் காலத்ததே, இருபது பங்கு தண்ணீர் கலந்து.

இதற்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் உண்டு, அதைச் சொல்லாமல் போவது சரியில்லை. ஆலைக்கு உள்ளூரில் கிடைக்கும் விலை வெளியே கிடைப்பதைவிடக் குறைந்தால், அது வெளியேதான் விற்கும். இதை 2022-ல் கண்ணால் பார்த்தோம். பங்க் விலை நிறுத்தப்பட்ட கோடையில் தனியார் நிறுவனங்களின் பங்குகளில் ஸ்டாக் இல்லை என்ற போர்டு தொங்கியது; அதே நேரம் ஏற்றுமதி ஜோராக நடந்தது. ஜூன் மாதம் எல்லா பங்க்குகளும் விற்றே ஆக வேண்டும் என்று அரசு விதியை இறுக்கியது. ஜூலை 1 அன்று ஏற்றுமதியாகும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி போட்டது. இதற்கு முன் 2008-லும் இப்படித்தான்: அரசு பங்க்குகளுக்கு ஈட்டுத் தொகை, தனியாருக்கு இல்லை என்றதும் ரிலையன்ஸ் தன் சுமார் 1,400 பங்க்குகளையும் மூடியது. சென்னை–திருச்சி சாலையில் புல் முளைத்துக் கிடந்த அந்தப் பங்க்குகள் பலருக்கு நினைவிருக்கும்.

ஆக வெளி விலையைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சரி. ஆனால் இதே வாதம் ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு வேறு பதிலைத் தருகிறது. ஆலைக்கு வெளியே கிடைக்கக்கூடியது ஏற்றுமதி விலைதான். அதில் கப்பல் வாடகையும் சுங்கமும் சேராது. 2013-ல் நிதி அமைச்சகமே இதைக் கேட்டது, ஏற்றுமதி சமவிலைக்கு மாறலாமே என்று. பெட்ரோலிய அமைச்சகம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே அரசின் இரண்டு அமைச்சகங்கள் ஒரு லிட்டர் டீசலின் 'அடக்கம்' எவ்வளவு என்பதில் ஒத்துப்போகவில்லை என்றால், அது அடக்கம்தானா?

இப்போது 2022-க்கு வருவோம். உக்ரைன் போருக்குப் பின் ரஷ்யக் கச்சா தள்ளுபடியில் கிடைத்தது. நம் இறக்குமதியில் இரண்டு சதவீதம்கூட இல்லாமல் இருந்த ரஷ்ய எண்ணெய் 2023-24-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆனது. 1960-ன் கதை அப்படியே திரும்ப வந்து நிற்கிறது, ஒரே ஒரு வித்தியாசத்தோடு: இந்த முறை ஆலை நம்முடையது, வாங்கியவரும் நம் ஆள். மறுக்க பர்மா ஷெல் இல்லை. ஆனால் வளைகுடாவின் பெட்ரோல் விலையை மட்டும் பார்க்கும் சூத்திரத்துக்கு, நாம் கச்சாவை என்ன விலைக்கு வாங்கினோம் என்பது அன்று போலவே இன்றும் கண்ணில் படாது. மாளவியா எந்தக் கேள்வியைக் கேட்கப் பொதுத்துறையை வளர்த்தாரோ, அந்தக் கேள்வியைப் பொதுத்துறையிடமே கேட்க முடியவில்லை.

அந்த 18 ரூபாய்க்கு இங்கே பதில் வருகிறது. 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 18,480 கோடி நஷ்டம். அது நிஜ நஷ்டம், விலை நிறுத்தத்தால் வந்தது. நமக்காகத் தாங்கினார்கள் என்றே சொல்வேன். 2023-24 முழு ஆண்டில் மூன்றும் சேர்ந்து காட்டிய லாபம் சுமார் 81,000 கோடி. அத்தனையும் பங்க்கில் வந்ததல்ல, சுத்திகரிப்பிலும் நல்ல வரவு இருந்தது. ஆனாலும் நஷ்டத்தை ஈடுகட்ட அவகாசம் வேண்டும் என்ற காரணம் எந்த மாதத்தோடு முடிந்தது என்று யாராவது அறிவித்தார்களா? விலை குறைவாக இருந்த காலத்துக்கு அண்டர் ரெகவரி என்று ஒரு பெயரும், தினசரிச் செய்தியும், லட்சம் கோடியில் தலைப்பும் இருந்தன. விலை கூடுதலாக நின்ற காலத்துக்கு நம் பேச்சில் ஒரு பெயர்கூட இல்லை.

வரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வந்து அடிப்பீர்கள். அது அதிகம் பேசப்பட்டதால் சுருக்கமாக. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் நடுவில் கச்சா சரிந்தபோது கலால் ஒன்பது தடவை ஏறி, பெட்ரோலுக்கு 9.48-லிருந்து 21.48 ஆனது. 2020 ஏப்ரலில் கச்சா சராசரி 20 டாலருக்குக் கீழே போனது. மே மாதம் ஒரே ராத்திரியில் பெட்ரோலுக்குப் பத்து, டீசலுக்குப் பதின்மூன்று ரூபாய் ஏற்றம். 2021-ல் அது 32.90-ல் நின்றபோது அதைப் பிரித்துப் பார்த்தேன்: அடிப்படைக் கலால் 1.40, மிச்சம் எல்லாம் சிறப்பு வரி, சாலை செஸ், வேளாண் செஸ். மாநிலங்களோடு பகிர வேண்டியது அந்த 1.40-ஐ மட்டும். அதில் 41 சதவீதம், அதாவது அத்தனை மாநிலங்களுக்கும் சேர்த்து லிட்டருக்கு 57 காசு. இதற்காக நம் மாநிலத்துக்கு ஒளிவட்டம் போட வேண்டாம். தமிழ்நாட்டு வாட் வரி 13 சதவீதமும் 11.52 ரூபாயும், அந்தச் சதவீதம் மத்திய கலாலின் மேலும் விழுகிறது. 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்தது உண்மை, அதைப் பாராட்டலாம்.

எண்ணெய்க் கடன் பத்திரத்தால்தான் வரியைக் குறைக்க முடியவில்லை என்று 2021-ல் சொல்லப்பட்டதையும் இந்த வரிசையில் வையுங்கள். முந்தைய ஆட்சி விட்டுப்போன பத்திரங்களின் அசல் 1.3 லட்சம் கோடி, வட்டி ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி அளவு. 2020-21 ஒரே ஆண்டில் பெட்ரோல், டீசல் கலாலில் வந்தது 3.7 லட்சம் கோடிக்கு மேல். அதற்காகப் பத்திரம் கொடுத்தவர்களையும் விட முடியாது. அண்டர் ரெகவரி என்ற கற்பனை கலந்த எண்ணை அளவுகோலாக வைத்து நிஜக் கடன் எழுதியவர்கள் அவர்கள். வராத கப்பலின் வாடகை, எவ்வளவு சிறியதானாலும், நாட்டின் கடன் கணக்கில் வட்டியோடு ஏறியது.

செங்கல்பட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த பங்க் டீலர் ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வேறு கணக்கு சொன்னார். "சார், நீங்க சொல்ற சூத்திரம் எல்லாம் எனக்குத் தெரியாது. 2021 தீபாவளிக்கு மூணு நாள் லீவு, லோடு வராதுன்னு டேங்க் ரொப்பி வெச்சேன். பணம் முன்னாடியே கட்டித்தான் எடுப்போம். ராத்திரி டி.வி.ல சொல்றான், டீசல் பத்து ரூபா குறைப்புன்னு. டேங்க்ல பதினெட்டாயிரம் லிட்டர். காலைல எழுந்தா ஒரு லட்சத்து எண்பதாயிரம் காணோம்."

கம்பெனியிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். விலை மார்க்கெட் முடிவு பண்றது, வரி கவர்மென்ட் முடிவு பண்றது, நாங்க என்ன பண்றது என்றாராம் விற்பனை அதிகாரி. அவர் நல்ல மனுஷன்தான் சார், அவருக்கும் அதுக்கு மேல தெரியாது என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு அந்த அதிகாரியின் பதில்தான் திரும்பத் திரும்ப மனசில் ஓடுகிறது. 1977-லிருந்து 2002 வரை விலை ஏறினால் நாடாளுமன்றத்தில் ஒரு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. விலை முடிவு எடுக்கும் இடம் இன்றும் டெல்லியை விட்டு எங்கும் போய்விடவில்லை, என் கிராஃபே சாட்சி. பதில் சொல்ல வேண்டிய ஆள் மட்டும் போய்விட்டார். மின்கட்டணம் ஏற்ற வேண்டுமானால் ஒழுங்குமுறை ஆணையம் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது, யார் வேண்டுமானாலும் போய் மைக் பிடிக்கலாம். நானே ஒரு தடவை போய் மூன்று நிமிடம் பேசியிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் செலவுக் கணக்கு மேசைமேல் இருந்தது. பெட்ரோலியத்துக்கும் 2006-ல் சட்டம் போட்டு ஒரு ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கிறோம். பங்க் விலையை நிர்ணயிக்கும் வேலை அதற்குக் கிடையாது.

நான் கேட்பது விலைக் குறைப்பு அல்ல. மூன்று நிறுவனங்களும் மாதம் ஒரு தடவை, போன மாதம் கச்சாவுக்குச் சராசரியாக இவ்வளவு கொடுத்தோம், சுத்திகரிக்க இவ்வளவு ஆனது, பங்க்கில் லிட்டருக்கு இவ்வளவு நின்றது அல்லது போனது என்று மூன்று வரி எழுதினால் போதும். எங்கே வாங்கினோம், யாரிடம் வாங்கினோம் என்ற வணிக ரகசியம் எதுவும் அதில் வெளிவராது. அண்டர் ரெகவரியைத் தினமும் கணக்குப் போட்டு ஊருக்குச் சொன்னவர்களுக்கு இது புது வேலையும் இல்லை.

இந்தக் குறிப்பை எழுதும்போது தேடிக் கிடைக்காத ஒன்றைக் கேட்டு நிறுத்திக்கொள்கிறேன். 1961-ஐ ஒட்டி தாம்லே குழுவின் அறிக்கையைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த தலையங்கமோ கட்டுரையோ யாரிடமாவது இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். பர்மா ஷெல் கால பங்க் ரசீது இருந்தாலும் சரி, விலை தெரிந்தால் போதும். சமையல் எரிவாயுக் கணக்கு இதைவிடச் சிக்கல், அது அடுத்த குறிப்பில்.